எனக்கு மூணு, சாருக்கு ரெண்டு

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து இதற்கான உந்துதல் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கக் கூடாது. தொலைபேசியில் கிடைத்தது. ஆசிரியர்களுக்கான கையேடுகள் போடும் ஒரு பதிப்பகத்துக்குப் பதினோரு வருடமாகப் பாடங்களைக் கதையாக்கிக் கொடுக்கிறேன். பின்னங்களைக் கதையாக்கியிருக்கிறேன். செரிமானத்தைக்கூடக் கதையாக்கினேன், அதில் ஒரு கவளம்தான் கதாநாயகன். இந்த முறை பதிப்பாசிரியர் இப்படிச் சொன்னார்:

“மேடம், மூணாம் வகுப்பு. இசையின் அடிப்படைக் கூறுகள். தாளம், வேகம், குரலோட உயர்வு தாழ்வு, சத்தத்தோட அளவு, அமைதி. அஞ்சும் கதைக்குள்ள வந்துடணும். முடிவு மட்டும் கொஞ்சம் சந்தோஷமா இருக்கட்டும். போன தடவை அந்தக் கவளத்தை எங்க கொண்டுபோய் விட்டீங்கன்னு ஞாபகம் இருக்குல்ல?”

செய்து தருகிறேன் என்றேன். வீட்டிலேயே ஒரு இசை வாத்தியார் இருக்கும்போது எனக்கென்ன? என் தம்பி, என்னைவிட மூன்று வயது இளையவன், இருபது வருடமாகத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிறான். அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. அவன் அந்தப் பக்கம் பாடத்திட்டம் எழுதுவான், இந்தப் பக்கம் நான் கதை எழுதுவேன். கேட்டால் இரண்டு மணி நேரத்தில் ஐந்து கூறுகளையும் அவனே சொல்லிவிடுவான், நான் ஒட்டுப்போட்டுக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இப்போது நீங்கள் படிப்பது கையேட்டுக்குப் போகாது. இது வேறு.

2

முதல் தொடக்கம்:

“ஓர் அழகிய பள்ளியில் அன்பான இசை ஆசிரியர் ஒருவர் இருந்தார். ‘குழந்தைகளே, உங்கள் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள், அங்கே ஒரு தாளம் கேட்கிறதல்லவா?’ என்று அவர்”

(கண்றாவி. எந்த வாத்தியார் இப்படிப் பேசுகிறான்? என் தம்பி வகுப்புக்குள் நுழைந்ததும் சொல்கிற முதல் வாக்கியம், “யாருடா அது நாற்காலிய இழுக்கிறது?”)

இரண்டாம் தொடக்கம்:

“ஒரு நாள் மேசைக்கும் கரண்டிக்கும் சண்டை வந்தது. ‘நான் கட்டைக் குரல், நீ கீச்சுக் குரல்’ என்று மேசை”

(பொருள்களைப் பேசவைக்கிற வேலையை அந்தக் கவளத்தோடு விட்டுவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்:

“அந்த வாத்தியாருக்குக் காது”

இந்த மூன்று சொற்களோடு நின்றுவிட்டது. ஐந்து நாள் நின்றது. எழுந்து தண்ணீர் குடித்தேன், அலமாரியை ஒழித்தேன், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன், ஈரத்துணியோடு திரும்பி வந்து பார்த்தால் அந்த மூன்று சொற்களும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. அடிக்கவும் மனம் வரவில்லை, தொடரவும் கை வரவில்லை. அதனால் கதையைத் தள்ளிவைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

3

என் தம்பிக்கு ஒரு கொள்கை உண்டு. பிள்ளைகள் சத்தத்தைக் கண்ணால் பார்த்துவிடக் கூடாது. மேளத்தை முன்னால் வைத்துத் தட்டினால் எல்லாரும் மேளம் என்று எழுதிவிடுவார்கள். அதில் காதுக்கு என்ன வேலை? ஆகவே கேட்டல் தேர்வு என்றால் வீட்டிலேயே சத்தங்களைக் கைபேசியில் பதிவுசெய்து, வகுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கி வழியாகப் போட்டுக் காட்டுவான்.

போன மாதம் ஒரு மாலை, ஆறு மணி இருக்கும், இதே மேசையில் உட்கார்ந்து பதிவுசெய்தான். உள்ளங்கையால் மேசையைத் தட்டினான், அது கட்டை ஒலி. கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டினான், அது கீச்சு. புழுக்கமாக இருந்ததால் ஜன்னல் திறந்திருந்தது. “அக்கா, ஒரு நிமிஷம் மூச்சு விடாத” என்றான். விடாமல் இருந்தேன். நாலாவது கேள்வி இதுதான்: இந்தப் பதிவில் எத்தனை விதமான ஒலிகள் கேட்கின்றன? விடை: இரண்டு.

அவன் விடையைச் சொல்ல, நான் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். வருடக்கணக்காக எங்கள் வீட்டு வழக்கம்.* முப்பத்தொரு பிள்ளைகள். நாலாவது கேள்விக்கு முப்பத்தொரு பேரும் மூன்று என்று எழுதியிருந்தார்கள்.

“டேய், எல்லாமே மூணுன்னு எழுதியிருக்குதுங்களே!”

“தம்ளர் அதிரும்ல, அதையும் சேர்த்து எண்ணியிருக்குங்க. தப்பு போடு.”

“முப்பத்தொண்ணுக்கும் தப்பா?”

“தட்டினவன் நான். நான் தட்டினது எத்தனைன்னு எனக்குத் தெரியாதா?”

அதுவும் சரிதானே? முப்பத்தொரு தப்பு போட்டேன். பதிவைப் போட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

(* தலைமையாசிரியைக்கு இது தெரியாது. கையேடு அச்சானால் தெரிந்துவிடும். அச்சாகாது என்றுதான் சொன்னேனே.)

4

அடுத்த வாரம் அதே பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறான். “நல்லாக் கவனிச்சு எழுதுங்க” என்று மட்டும் சொன்னானாம். இந்தத் தடவை முப்பது பேர் இரண்டு என்று எழுதினார்கள். வீட்டுக்கு வந்து விடைத்தாள்களை மேசையில் விசிறிப் போட்டான்.

“பாத்தியாக்கா? காது பழகிடுச்சு!”

அப்படி ஒரு சந்தோஷம் அவன் முகத்தில். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. முப்பத்தொன்றாவது தாளை அவன் தனியாக மடித்து வைத்திருந்தான். அதில் பென்சிலால், ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி அழுத்தி, இப்படி எழுதியிருந்தது:

எனக்கு மூணு, சாருக்கு ரெண்டு.

“யாரு இது?”

“வாயாடி. அந்த ஒண்ணுக்கு மட்டும் வாய் மூடவே மூடாது. என்னையே கிண்டல் பண்ணுது பாரு. தலைமையாசிரியைகிட்ட காட்டிட்டேன். அவங்கம்மாவை வரச் சொல்லியாச்சு.”

இந்த இடத்தில் எழுத்தாளருக்கு ஒரு சபலம் வருகிறது. வாயாடியை மாற்றிவிடலாமா? கையேட்டுப் பிள்ளைகள் அமைதியானவர்கள், தயங்கித் தயங்கிக் கைதூக்குகிறவர்கள். கண்கள் வேறு விரிந்திருக்கும். அப்படி ஒருத்தியாக எழுதினால் வாசகருக்கு உடனே பாவமாக இருக்கும். எழுதியும் பார்த்தேன். “மெல்லிய குரலில் அந்தச் சிறுமி” என்று ஆரம்பித்து

இல்லை. அவளுக்கு மெல்லிய குரல் கிடையாது. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது, பேசினால் காற்று விசிலடிக்கிறது. எட்டு வயது. எனக்குத் தெரியும், பார்த்தேன்.

5

பார்த்தது முந்தாநாள். தம்பி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பள்ளி வாசலில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

“நீங்க சாரோட அக்காதானே?”

“எப்படித் தெரியும்?”

“மூக்கு அதே மூக்கு.”

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் பொறி தட்டியது. “எனக்கு மூணு, சாருக்கு ரெண்டு. நீதானா அது?”

“ஆமா ஆன்ட்டி. வெள்ளிக்கிழமை எங்கம்மா வராங்க. பத்து மணிக்கு. அம்மா அதுக்கு வேலைக்கு லீவு சொல்லணும்.” இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

“சரி, அந்த மூணாவது என்னம்மா?”

“பூச்சி.”

“எந்தப் பூச்சி?”

“செடிக்குள்ள உக்காந்து கத்துமே ஆன்ட்டி, சிர்ர்ர், சிர்ர்ருன்னு. சார் மேசையத் தட்டுறாரு, ஒண்ணு. கண்ணாடியத் தட்டுறாரு, ரெண்டு. பூச்சி கத்துது, மூணு.”

திறந்திருந்த ஜன்னல். அதற்கு வெளியே ஒரு சில்வண்டு.

“அப்ப மத்தவங்க ஏன் மாத்தி எழுதினாங்க?”

“பூச்சிய எண்ணக் கூடாது போலன்னு பேசிக்கிட்டாங்க. சார் எண்ணலைல்ல? இப்பக் கேட்டா பூச்சியே கத்தலைங்கிறாங்க. கேக்கவே இல்லையாம். பக்கத்துல உக்காந்திருக்கிறவகூட இல்லைங்கிறா.” கயிற்றை இறுக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி இறுக்கினாள். “எனக்கு மட்டும்தான் கேக்குது. ஆன்ட்டி, எனக்குக் காதுல ஏதாச்சும் கோளாறா?”

இல்லவே இல்லை, உனக்கு ஒரு கோளாறும் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கதையில் வருகிற எந்தப் பெரிய மனுஷியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நான், “மணி அடிக்கப் போகுது, ஓடு” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை ஏழாம் பகுதியில் ஒப்புக்கொள்கிறேன். ஆறாம் பகுதியை ஒரேயடியாகத் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

6

பதிப்பாசிரியர் நேற்று கூப்பிட்டார்.

“மேடம், எந்த அளவுல இருக்கு? தாளம் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“உயர்வு தாழ்வு?”

“அதுலதான் நிக்குது.”

“அமைதி?”

“எங்கங்க அமைதி?” என்று கத்திவிட்டேன். அவர் பாவம், “கடைசியா வந்தாக்கூடப் போதும் மேடம்” என்று வைத்துவிட்டார்.

அவருக்காக ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். வாத்தியார் பூச்சியின் குரலைக் கேட்டு வியக்கிறார். “ஆகா, நம் இசைக் குழுவில் மூன்றாவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார்!” பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். படம் வரைகிறவர் பூச்சிக்கு ஒரு தொப்பி போட்டுவிடுவார். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் இந்த முடிவில் வாத்தியார் பூச்சியின் குரலைக் கேட்கிறார். நடக்காதது அது ஒன்றுதான்.

இன்னொரு முடிவை நான் எழுதவே வேண்டாம், சும்மா இருந்தால் தானாகவே நடக்கும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா வருவாள், தலைமையாசிரியை அறையில் நாற்காலி நுனியில் உட்காருவாள். மகளை முன்னால் தள்ளி, “சார்கிட்ட சொல்லு” என்பாள். அவளும் சொல்வாள், இனிமேல் ரெண்டுன்னே எழுதுறேன் சார் என்று. முப்பது பிள்ளைகள் ஏற்கெனவே காதை அடைத்துக்கொண்டாகிவிட்டது, இவளும் அடைத்துக்கொள்வாள். இசை வகுப்பில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் கடைசிப் பாடம், கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுதுவது.

இந்த இரண்டாம் முடிவு எனக்கு வேண்டாம். அதனால் நேற்று மாலை தம்பியை உட்காரவைத்துப் பூச்சி விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தான். அப்புறம் காதில் மாட்டிக் கேட்கும் அந்தக் குமிழ்களைச் செருகிக்கொண்டு பதிவைக் கேட்டான். சத்தத்தைக் கூட்டிக் கேட்டான். கண்ணை மூடிக் கேட்டான். நாலு தடவை. குமிழ்களைக் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

“ஒண்ணும் இல்லக்கா.”

“அந்தப் பொண்ணு சொல்றாளே.”

“சொல்லுவா. மாட்டிக்கிட்டா யாரா இருந்தாலும் எதையாவது சொல்லத்தான் செய்வாங்க.”

“முப்பத்தொரு பேரும் முதல்ல மூணுன்னு எழுதினாங்களேடா!”

அவன் குமிழ்களைப் பார்த்துக்கொண்டே, வேறு யாருடைய விஷயத்தையோ பேசுவது மாதிரி, “போன வருஷத்துலேர்ந்து முக்கோண மணி அடிச்சா எனக்கு அடிக்கிறது மட்டும்தான் தெரியுது, அப்புறம் ரீங்காரமா இழுக்கிறது தெரியல. மணிதான் பழசாயிடுச்சுன்னு நினைச்சேன். புதுசு ஒண்ணு வாங்கச் சொல்லி எழுதிக்கூடக் குடுத்தேன்” என்றான்.

என் தம்பியைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அவன் கோபித்துக்கொண்டான்.

“இதையெல்லாம் எழுதிக்கிட்டிருக்கியா?”

“ஆமா.”

“என்னை டிரில் மாஸ்டரா மாத்திடு. அவனுக்குக் காது எதுக்கு? விசில் ஊதினாப் போதும்.”

மாற்றிப் பார்த்தேன். “அந்த டிரில் மாஸ்டர் நாலாவது கேள்வியாக” என்று ஒரு பத்தி ஓடியது. டிரில் மாஸ்டர் எதற்கய்யா கேள்வி கேட்கிறான்?

7

மூன்றாம் பகுதியில் ஒரு பொய் சொன்னேன்.

பதிவைக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை என்றேன் அல்லவா? தோன்றியது. முப்பத்தொரு பேர் ஒரே தப்பைச் செய்தால் யாருக்குத்தான் தோன்றாது? தம்பி குளிக்கப் போயிருந்தபோது அவன் கைபேசியை எடுத்துப் போட்டுக் கேட்டேன். மேசை, தம்ளர். இரண்டு. அதனால்தான் அவ்வளவு நிம்மதியாகத் தப்பு போட்டேன். பள்ளி வாசலில் அவள் பூச்சி என்று சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டேன். நேற்று, தம்பி தூங்கிய பிறகு, அவன் கழற்றி வைத்த குமிழ்களை எடுத்துச் செருகிக்கொண்டு கேட்டேன். இரண்டுதான். இப்போது ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்க்கிறேன், செடிகள் இருக்கின்றன. அங்கே சில்வண்டுகள் கத்திக்கொண்டிருக்கலாம். வீடு அமைதியாக இருக்கிறது, எழுத வசதியான வீடு என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன்!

உனக்குக் கோளாறு இல்லை என்று அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றால், யாருக்குக் கோளாறு என்பது அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு எட்டு வயதுப் பிள்ளையைப் பயத்தோடு விட்டுவிட்டு என் பயத்தை நான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். வெட்கக்கேடு.

தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. நான் பதிவைக் கேட்டதே இல்லை என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

8

இன்று வியாழக்கிழமை. மாலை. தம்பி பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு நேராக மேசைக்கு வந்தான். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்; இந்தப் பகுதியை அவன் எதிரிலேயே எழுதுகிறேன்.

“அக்கா, பேனாவை வச்சிட்டு இப்படி வா. ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்.”

“என்ன?”

“நான் பதிவைப் போடுறேன். பூச்சி கத்துற இடத்துலயெல்லாம் நீ கையைத் தட்டு. விட்டு விட்டுத்தானே கத்தும். எந்தெந்த வினாடின்னு நான் குறிச்சுக்கிறேன். நாளைக்குக் காலையில அந்தப் பொண்ணைத் தனியாத் தட்டச் சொல்றேன். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா, அவங்கம்மா முன்னாடி, தலைமையாசிரியை முன்னாடி, எனக்குத்தான் காது கேக்கலைன்னு சொல்லிடறேன். அப்புறம் வேலை என்ன ஆகுதோ ஆகட்டும்.”

“ஒத்துப்போகலைன்னா?”

“அவ கதை கட்டுறான்னு அர்த்தம்.”

“டாக்டர்கிட்ட போகலாமேடா.”

“போகத்தான் போறேன். நாளைக்குப் பத்து மணிக்குள்ள எந்த டாக்டர் பாப்பாரு? இருபது வருஷ வேலையை அந்த வாயாடி வார்த்தையை நம்பி விடச் சொல்றியா? உன் காது மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. அது போதும்.”

“எனக்கும் கேக்கலைன்னா?” விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டேன்.

“ரெண்டு பேருக்கும் கேக்கலைன்னா அங்க ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?” சட்டென்று அவன் முகம் தெளிந்தது. ஆசை. அவ்வளவு ஆசை அந்த முகத்தில். நான் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், அவன் காது திரும்ப வந்துவிடும், என் காதும் வந்துவிடும், வீடு பழையபடி அமைதியாகிவிடும்.

உண்மையைச் சொன்னால் என் தம்பி அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வான், அந்தப் பெண் பொய்க்காரி ஆவாள். பொய்யாகக் கண்ட இடத்தில் தட்டினால் நாளைக்கு அவள் தட்டுவதோடு ஒத்துப்போகாது, அப்போதும் அவள்தான் பொய்க்காரி. வருடக்கணக்காகப் பாடங்களுக்குக் கதை பின்னிய கை இது. சரியான ஒரு பொய் சொல்லக்கூட இதற்கு வக்கில்லை.

தம்பி கைபேசியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டான். கையில் பென்சில், முன்னால் ஒரு துண்டுத்தாள். “தயாரா?” என்கிறான். தலையாட்டிவிட்டேன்.

உங்களிடம் வருகிறேன். நீங்கள் யார், என்ன வயது என்று எனக்குத் தெரியாது. காகிதத்திலிருந்து சத்தம் வராது என்பது தெரியும், நான் ஒன்றும் பைத்தியம் இல்லை. ஆனால் இந்த அறையில் இப்போது என்னையும் அவனையும் விட்டால் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

பதிவு ஓட ஆரம்பித்துவிட்டது. மேசை. மேசை. தம்ளர். மேசை, தம்ளர், தம்ளர். அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நடுவில் எங்கேயோ ஒன்று கத்துகிறது. அதற்கு ஒரே சாட்சி, நாளைக்குப் பத்து மணிக்குத் தன் அம்மாவோடு வரப்போகிறாள். எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டால் அந்த இடத்தில் தட்டுங்கள், நான் உங்கள் கையைப் பார்த்துத் தட்டுகிறேன். சீக்கிரம். பதிவு மொத்தமே நாற்பது வினாடிதான்.